சண்டையில்லாமல் காலம் தள்ள: தூதா, நட்பா, படையா?

மலேசியாவில் பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்தில் என் அக்கா வீடு. சனிக்கிழமை சாயங்காலம் தீவிலுள்ள ஜார்ஜ்டவுனிலிருந்து ஃபெர்ரி ஏறிப் போனால், திரும்புவது ஞாயிறு மத்தியானம்தான். நடுவில் கிடைக்கும் நேரமெல்லாம் நானும் அக்கா மகனும் சிவிலைசேஷன் 6 ஆடுவோம். ஒரு நாட்டைக் கற்காலத்திலிருந்து வளர்க்கும் கணினி விளையாட்டு அது, முறை முறையாக (டர்ன்) ஆடுவது. ஒரே கணினி, ஒரே நாடு, கருத்து மட்டும் இரண்டு. கணினி நடத்தும் அண்டை நாடுகள் நம்மைத் தாக்காமல் இருக்க நிறைய படை வேண்டும் என்பது அவன் கட்சி. நட்பு போதும் என்பது என் கட்சி. சண்டை போடாமல் ஆடி ஜெயிக்க ஆசைப்படுகிறவர்களுக்காக, இரண்டு வருடமாக நாங்கள் மாறி மாறி முயன்று பார்த்ததை எழுதுகிறேன். 2019-ல் வந்த கேதரிங் ஸ்டார்ம் என்ற கூடுதல் தொகுப்பின் விதிகள், சாதாரண வேகம்.

முதலில் தூது. ஒரு தலைவரைச் சந்தித்ததும் 25 பொன் செலவில் தூதுக்குழு அனுப்பலாம். சந்தித்த அதே டர்னில் அனுப்பிவிடுங்கள். அப்போது பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். நம் மேல் வெறுப்பு வந்தபின் அனுப்பினால் திருப்பிவிடுவார்கள். தூதுக்குழு போனால் அந்த நாட்டைப் பற்றி நமக்குத் தெரிவது ஒரு படி கூடும். வணிகப் பாதை போட்டால் இன்னொரு படி. அவர்கள் மனதில் ஒளித்து வைத்திருக்கும் விருப்பு வெறுப்பு இப்படித்தான் வெளியே வரும். அதற்கு மேல், முகம் சுளிக்கும் போதெல்லாம் பொன்னைக் கொட்டிக் கொடுப்பது கடலில் கரைத்த பெருங்காயம். நானே கொட்டிப் பார்த்துவிட்டேன், வேண்டாம்.

அடுத்தது நட்புப் பிரகடனம். 30 டர்னுக்கு அவர்களும் நம் மீது போர் தொடுக்க முடியாது, நாமும் முடியாது. தூதுக்குழுவோ பெரிய படையோ தராத உறுதி இது. ஆட்டத்தின் விதியே பூட்டுப் போட்டுவிடுகிறது. பிறகு சிவில் சர்வீஸ் என்ற சமூக வளர்ச்சிப் படி கிடைத்ததும் அதைக் கூட்டணியாக வளர்க்கலாம்: ஆராய்ச்சி, ராணுவம், பொருளாதாரம், கலாசாரம், மதம் என்று ஐந்து வகை. ஆபத்தெல்லாம் 31-வது டர்னில் இருக்கிறது. ஒருமுறை 94-வது டர்னில் எகிப்தின் தலைவி கிளியோபாட்ராவோடு செய்த நட்பு 124-ல் முடிந்ததை நான் கவனிக்கவில்லை. நகர மதிலுக்கு வெளியே அவள் ரதங்கள் வந்து நின்றபோதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து மருமகன் பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில் யாரோடு எந்த டர்னில் நட்பு என்று எழுதி வைக்கிறான். முடிந்த டர்னிலேயே மறுபடி கேட்டுவிடுகிறோம்.

சரி, படை. இதை நான் வெகுநாள் ஏற்கவில்லை. வீரர்களுக்குச் சம்பளம் போகிறது, நூலகம் கட்ட வேண்டிய உழைப்பு ஈட்டிக்காரனுக்குப் போகிறது. எல்லையோரம் கொண்டுபோய் நிறுத்தினால் பக்கத்து நாட்டுக்காரன் எதற்கு இங்கே கூட்டம் என்று கேட்பான். என் மனதை மாற்றியது நார்வே எதிரியாக வந்த ஒரு ஆட்டம். எங்களுக்குத் தனித் தீவு கிடைத்தது, பினாங்கு மாதிரியே. சுற்றிலும் கடல், யார் வரப்போகிறார்கள் என்று ஒரு கப்பல்கூடக் கட்டவில்லை. நார்வேயின் தலைவன் ஹரால்டு போர் அறிவித்த அதே டர்னில் அவனுடைய இரண்டு லாங்ஷிப் போர்க்கப்பல்கள் வந்து மீன்பிடிப் படகுகளைச் சூறையாடின. அடுத்த டர்னில் கரையோரப் பண்ணை. "மாமா, நம்மகிட்ட கப்பல் எத்தனைன்னு எண்ணிட்டுத்தான் வந்திருக்கான்" என்றான் பையன்.

உண்மைதான். ஹரால்டின் குணமே அது: கடற்படை வைத்திருப்பவரை மதிப்பான், இல்லாதவரை இகழ்வான். முன்பு சேமித்து வைத்த ஆட்டத்துக்குத் திரும்பிப் போய், இந்த முறை மூன்று கேலி (galley) போர்க்கப்பல்கள் கட்டினோம். எதையும் தாக்கவில்லை, துறைமுகத்தில் சும்மா நிறுத்தியதுதான். அப்புறம் அதே ஹரால்டு நட்புப் பிரகடனத்துக்குச் சம்மதித்தான். கிளியோபாட்ராவும் இந்த ரகம்தான், பலமான படை உள்ளவரோடுதான் ஒட்டுவாள். ஆக, இந்த இருவரிடமும் நட்புக்குக் கொடுக்கும் விலையே படைதான். மற்றவர்களுக்கு விலை வேறு. சீனாவின் சின் ஷி ஹுவாங் பக்கத்தில் இருந்தால் உலக அதிசயங்களில் போட்டி போடாதீர்கள். ரோமின் டிராஜனுக்குப் பரந்த நிலம் வைத்திருப்பவர்தான் பிடிக்கும். காந்தியிடம் நாமாகப் போர் தொடுக்காமல் இருந்தாலே போதும். சுமேரியாவின் கில்கமேஷ் எளிதாகக் கை கொடுப்பவர், ஆனால் அவருடைய நண்பர்களைத் தாக்கிவிடக் கூடாது.

நட்பு என்றைக்கும் நிலைக்காது என்பதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு பழைய சாட்சி உண்டு. நாகப்பட்டினத்தில் கடாரத்து அரசர் எழுப்பிய பௌத்த விகாரத்துக்கு ராஜராஜன் 1006 வாக்கில் ஆனைமங்கலம் கிராமத்தைத் தானமாகக் கொடுத்தான். இருபது வருடம்கூடத் தாண்டவில்லை, 1025-ல் அவன் மகன் ராஜேந்திரனின் கப்பல்கள் அதே கடாரத்தைப் பிடித்தன. பட்டர்வொர்த்திலிருந்து வடக்கே போனால் வரும் கெடாதான் அந்தக் கடாரம். அங்கே பழைய கோயில் இடிபாடுகள் உள்ள பூஜாங் பள்ளத்தாக்குக்குப் போயிருந்தபோது மருமகனிடம் இதைச் சொன்னேன். "அப்ப 31-வது டர்ன்" என்றான்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால், எல்லை ஒட்டிய நாட்டுக்கு முதலில் நட்புதான், அதுவும் 50-வது டர்னுக்குள். அந்த நட்பு முடிந்து புதுப்பிக்கும் இடைவெளியில் நகரத்தைச் சுற்றி நாலைந்து வில்லாளிகள் இருக்கட்டும். கடல் கடந்த நாடுகளுக்கு ஆரம்பத்தில் தூதுக்குழு மட்டும் போதும், ஹரால்டு தவிர. யாராவது நம்மைக் கண்டித்து அறிக்கை விட்டால் அலட்சியம் வேண்டாம்: ஐந்து டர்ன் கழித்து அவர்கள் முறைப்படி போர் தொடுக்கலாம். அந்த ஐந்து டர்னில் மதில் கட்டுங்கள். கண்டனமே இல்லாமல் திடீரென்றும் வரலாம், ஆனால் அப்படி வருகிறவர்கள் மேல் அதிக மனக்குறை சேரும்.

போன வாரம் பாதியில் விட்ட ஆட்டத்தில் நாங்கள் 88-வது டர்னில் இருக்கிறோம். கில்கமேஷோடு நட்பு 91-ல் முடிகிறது. நோட்டில் அதை இரண்டு கோடு போட்டு எழுதியிருக்கிறான்.