ஹோர்ட்டன் சமவெளிக்கு ஒருநாள் நடை: காசு கட்டுமுன் இதைப் படியுங்கள்

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் வட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு விளம்பரத்தை நம்பிப் போய்வந்த கதை இது. நடத்துபவரின் பெயரை இங்கே போடவில்லை, நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு 64 வயது. பதுளையில் வேலை பார்த்த காலத்தில் பட்டிப்பொல ஸ்டேஷனை ரயிலில் எத்தனையோ தடவை கடந்தவர், பக்கத்திலேயே ஹோர்ட்டன் சமவெளியில் இருக்கும் உலக முடிவு (World's End) என்ற மலை விளிம்பை ஒருதரமும் பார்த்ததில்லை. அந்த ஆசைக்காகத்தான் அப்பா, தங்கச்சி, அத்தான், நான் என்று நாலு பேருக்கும் ஆளுக்கு 8,500 ரூபாய் கட்டினோம். இரவு 10 மணிக்கு வெள்ளவத்தையில் ஏறினால் காலை 6 மணிக்குப் பூங்கா வாசலில் நிற்கலாம், டிக்கெட், காலைச் சாப்பாடு, அனுபவமுள்ள கைட், முதலுதவிப் பெட்டி எல்லாம் அதற்குள் அடக்கம் என்றார்கள்.

இந்த 6 மணி ஏன் முக்கியம் என்றால், அங்கே காட்சி காலையில் மட்டும்தான். வெயில் ஏறஏறக் கீழே பள்ளத்தாக்கிலிருக்கும் ஈரக்காற்று மலைச்சரிவில் மேலெழும்பிக் குளிர்ந்து மூட்டமாகிவிடும். ஒன்பது, பத்து மணிக்குப் பிறகு போனால் பெரும்பாலும் வெள்ளைச் சுவர்தான்.

எங்கள் பஸ் கொட்டாஞ்சேனையில் ஆள் ஏற்றி, வத்தளையில் இன்னும் ஆள் ஏற்றி, அங்கிருந்து வெளிக்கிடும்போது ஒன்றரை மணி. 29 பேர் இருக்கக்கூடிய பஸ்ஸில் 38 பேர். அப்பா முழு இரவும் நடுவழியில் வைத்த பிளாஸ்ரிக் ஸ்டூலில் இருந்தார். வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது 9.40க்கு. அங்கே வைத்துத்தான் நடத்துபவர் சொல்கிறார், “டிக்கெட் வாகனத்துக்கு மட்டும்தான் அக்கா, ஆட்களுக்குத் தனியாக 1,500 தாங்கோ” என்று. தங்கச்சி கவுண்டரில் இருந்த விலைப் பலகையைப் போய்ப் பார்த்தாள். இலங்கையருக்கான கட்டணம் அவர் கேட்ட 1,500இல் சின்னப் பங்குதான். நாங்கள் நாங்களே டிக்கெட் எடுத்தோம், ஆனால் கேட்டதும் கொடுத்தவர்கள் நிறையப் பேர். காலைச் சாப்பாடு என்று வந்தது ஒரு பணிஸ். கைட் என்று வந்த பொடியன் அன்றைக்குத்தான் முதல்தரம் வருகிறானாம், பாவம், அவனில் எனக்குக் கோபமில்லை.

சுற்றுப் பாதை ஏறக்குறைய 9 கிலோமீற்றர். படத்தில் புல்வெளி போலத் தெரியும், ஆனால் கல்லும் வேரும் சேறுமாக ஏறி இறங்க வேண்டும், அதுவும் 2,100 மீற்றருக்கு மேலே, மூச்சு வாங்கும். உலக முடிவில் 800 மீற்றருக்கும் மேல் செங்குத்தாக விழும் பள்ளம் எங்களுக்கு ஒரு துண்டும் தெரியவில்லை. வானம் தெளிந்தால் தெற்கே கடல்வரை தெரியும் என்று வழிமுழுக்கச் சொல்லிக்கொண்டு வந்த அப்பா அரைமணித்தியாலம் அந்த மூட்டத்தைப் பார்த்தபடி நின்றார். அதை நினைத்தால் இப்பவும் நெஞ்சு கொதிக்கிறது.

பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் வழுக்கலான சரிவில் அப்பா சறுக்கிக் கணுக்கால் சுளுக்கிவிட்டது. முதலுதவிப் பெட்டியைக் கேட்டால் அது பஸ்ஸில் இருக்கிறதாம். பின்னால் வந்த ஒரு சிங்களக் குடும்பம்தான் தங்களிடமிருந்த பண்டேஜைச் சுற்றிவிட்டு, அவர்கள் வீட்டுப் பெரிய மகன் அத்தானோடு சேர்ந்து மிச்சத் தூரம் முழுக்க அப்பாவைத் தாங்கி வந்தான். எங்களை அழைத்துப் போனவர் பஸ்ஸில் நித்திரை. அப்புறம் பெட்டியைத் திறந்தால் ஒரு பிளாஸ்டர்கூட இல்லை.

காசைத் திருப்பிக் கேட்டேன். இரண்டு நாள் “பார்ப்போம் அக்கா” என்றார், மூன்றாம் நாள் என் நம்பரை புளொக் பண்ணி குழுவிலிருந்தும் நீக்கிவிட்டார். நாங்கள் செய்த பிழை, தனியாள் வங்கிக் கணக்குக்குக் காசு போட்டுவிட்டு ரசீது கேட்காதது. இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிவு இருக்கிறதா என்றும் கேட்கவில்லை. நீங்கள் இரண்டையும் கேளுங்கள், கடைசி ஆளை எங்கே, எத்தனை மணிக்கு ஏற்றுகிறார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். ஏமாந்தவர்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு முறைப்பாடு சொல்லலாம்.

அடுத்த போயா (பௌர்ணமி) லீவுக்கு அதே படத்தைப் போட்டு மறுபடியும் ஆள் சேர்க்கிறார்கள். காசு கட்டப் போகிறவர்கள் முதலில் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள், ஸ்கிரீன்ஷொட் எல்லாம் வைத்திருக்கிறேன்.