சேலைக் கடைக்கு வீடியோ எடிட்டர்: சம்பளத்துக்கு ஆளா, ரீலுக்கு இவ்வளவா, ஏஜென்சியா?

ஆடி பிறக்க இரண்டு வாரம் இருக்கும்போது எங்கள் ஊரில் எல்லாக் கடைக்காரர்களும் எடிட்டரைத் தேடி ஓடுவார்கள். சேலம் பக்கத்து இளம்பிள்ளை எங்கள் ஊர். தறிச் சத்தத்துக்கு நடுவே இப்போது தெருவுக்குத் தெரு ரிங் லைட்டும், "வணக்கம் பிரண்ட்ஸ், இன்னைக்கு நாம பார்க்கப்போற கலெக்‌ஷன்" என்ற குரலும்தான். நானும் அதில் ஒருத்தி. ஐந்து வருடமாக எங்கள் ஆர்டரில் பெரும்பகுதி வீடியோ பார்த்துவிட்டு வாட்ஸ்ஆப்பில் வருவதுதான். இதற்குள் கல்யாண ஸ்டுடியோக்காரர், வெளியூர் ஃப்ரீலான்சர், ஏஜென்சி, சம்பள ஆள் என்று நான்கு வகையிலும் வேலை வாங்கிப் பார்த்துவிட்டேன்.

ஒப்பிடுவதற்கு முன்னால் ஒன்று. கடைக்குத் தேவைப்படுவது இரண்டு விதமான வீடியோ. ஒன்று தினமும் போடும் ஸ்டாக் வீடியோ: புதுச் சேலை வந்தது, பிரித்துக் காட்டினோம், விலை சொன்னோம், முடிந்தது. மறுநாள் அந்தச் சேலையே இருக்காது. இன்னொன்று ஆடி, தீபாவளி, பொங்கலுக்கு எடுக்கும் படம். அது வாரக்கணக்கில் ஓட வேண்டும், பார்ப்பதற்கும் அழகாக இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே ஆள் தலையில் கட்டியதுதான் நான் முதலில் செய்த தப்பு.

கல்யாண ஸ்டுடியோ எடிட்டர்

எங்கள் பக்கம் எடிட்டிங் தெரிந்தவர் என்றாலே முக்கால்வாசி கல்யாண வீடியோ செய்பவர்தான். கை வேகம், பாட்டுக்கு ஏற்ற வெட்டு, நல்ல கம்ப்யூட்டர் எல்லாம் இருக்கும். இன்னொரு பொருத்தமும் உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, புரட்டாசியிலும் பல வீடுகளில் வைப்பதில்லை. மொத்த வியாபாரிகளான எங்களுக்கு ஆடித் தள்ளுபடி, தீபாவளிச் சரக்கு, பொங்கல் சரக்கு என்று வேலை குவிவது அந்த மாதங்களில்தான். அவர் சும்மா இருக்கும்போது நமக்கு வேலை.

ஆனால் கொஞ்சம் கவனம் வேண்டும். ஆடி முதல் பாதியில் அவர் வைகாசி, ஆனி முகூர்த்தங்களின் பாக்கியை முடித்துக்கொண்டிருப்பார். மாப்பிள்ளை வீட்டார் ஆல்பமும் வீடியோவும் கேட்டுத் தினமும் போன் அடிப்பார்கள். அதனால் ஆனியிலேயே தேதி பேசி முன்பணம் கொடுத்துவிட வேண்டும். தை, வைகாசி, ஆவணியில் கூப்பிட்டால் போனையே எடுக்கமாட்டார், அவரைக் குறை சொல்லவும் முடியாது.

பெரிய சிக்கல் கலரில் வந்தது. கல்யாண எடிட்டரின் கண் மணப்பெண் முகத்தில் இருக்கும். முகம் பளிச்சென்று தெரிய படம் முழுவதையும் கொஞ்சம் மஞ்சளாக, கொஞ்சம் சூடாக ஏற்றுவார். கல்யாணத்துக்கு அது அழகு, சேலைக்கு நஷ்டம். ஒரு ஆடிக்கு அரக்கு பார்டர் போட்ட மாம்பழ மஞ்சள் சாஃப்ட் சில்க் காட்டினோம். எடிட் முடிந்து வந்தபோது அரக்கு செங்கல் நிறத்தில் இருந்தது. அவசரத்தில் நானும் கவனிக்காமல் ஏற்றிவிட்டேன். அந்த வீடியோவைப் பார்த்து 60 சேலை போனது, 11 திரும்பி வந்தது. கூரியர் செலவு இரண்டு பக்கமும் நம் தலையில். ரீசெல்லர் அக்கா ஒருத்தர், "வீடியோல காட்டின சேலையைத்தான் அனுப்பினீங்களா?" என்று கேட்டார். பணத்தைவிட அந்தக் கேள்விதான் எனக்கு உறைத்தது.

அன்றிலிருந்து யார் எடிட் செய்தாலும் துணியின் நிறத்தைத் தொடக்கூடாது என்பது எங்கள் கடையில் முதல் விதி. வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் அளவுக்குத் திருத்தலாம், அதற்கு மேல் கூடாது. எடுக்கும்போதே கெட்டதை எடிட்டர் சரிசெய்வார் என்றும் நம்பக்கூடாது. மலிவான எல்இடி வெளிச்சத்தில் எடுத்த அரக்கை எந்த சாஃப்ட்வேரும் முழுசாக மீட்டுத் தராது. வீடியோவில் பட்டை பட்டையாக ஓடுகிறதா? நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், கேமரா ஷட்டர் 1/50 அல்லது 1/100 வினாடியில் இருந்தால் பெரும்பாலும் நின்றுவிடும். இதை எடுப்பவரிடம் முதலில் சொல்லும் எடிட்டர் கிடைத்தால் விடாதீர்கள்.

வெளியூர் ஃப்ரீலான்சர்

சென்னையிலும் கோவையிலும் இருந்து எனக்குச் சொன்ன விலை ரீலுக்கு 400 முதல் 1,200 வரை. வேலை சுத்தமாக இருக்கும், விதவிதமாக யோசிப்பார்கள். மாதத்துக்கு ஏழெட்டு ரீல் போதும் என்கிற கடைக்கு இதுதான் லாபம். தினமும் போடும் கடைக்குக் கட்டுப்படியாகாது. பணத்தை விடுங்கள், ஃபைலை அனுப்புவதே தனி வேலை. ஐபோனில் 4கே, 30 ஃபிரேம் வைத்து எடுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி. ஒரு நாளைக்கு 40 நிமிடம் எடுத்தால் ஏறக்குறைய 7 ஜிபி. வாட்ஸ்ஆப்பில் டாக்குமென்ட்டாகவே அனுப்பினாலும் ஒரு ஃபைலுக்கு 2 ஜிபிதான். கூகுள் டிரைவில் சும்மா கிடைக்கும் 15 ஜிபி இரண்டே நாளில் நிறைந்துவிடும். காலையில் பத்து மணிக்கு எடுத்தது அவர் கைக்குப் போய்ச் சேர மதியம் ஆகிவிடும். ராத்திரி ரீல் வரும்போது அந்த லாட் தீர்ந்திருக்கும்.

தொழில் புரியாமல் வருகிற பிழையும் உண்டு. வேகம் குறைகிறது என்று பிளவுஸ் துணியைக் காட்டும் மூன்று வினாடியை ஒருவர் வெட்டிவிட்டார். அன்று முழுவதும் எங்கள் போனுக்கு வந்தது ஒரே கேள்விதான்: "பிளவுஸ் அட்டாச்சுடா அக்கா?" உடல், பார்டர், முந்தானை, பிளவுஸ் நான்கும் தெரியாத வீடியோ சேலை வாங்குபவருக்கு வீடியோவே இல்லை. வெளியூர்க்காரரிடம் கொடுப்பதானால் எதை வெட்டக்கூடாது என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அவருக்கும் வேலை சுலபம்.

இன்னொன்றையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். போன தீபாவளிப் படத்தில் விலையை மட்டும் மாற்றி இந்த வருடமும் ஓட்டலாம் என்று கேட்டால், புராஜெக்ட் ஃபைலை (எடிட்டைத் திரும்பத் திறந்து மாற்ற உதவும் ஃபைல்) அழித்துவிட்டேன் என்றார் அதை எடிட் செய்த ஃப்ரீலான்சர் தம்பி. எங்கள் பேச்சில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை, அவர்மேல் தப்பு சொல்ல எனக்கு வாயில்லை. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், நம் சம்பள ஆள் வேலையாகச் செய்தது நமக்குச் சொந்தம். பணம் கொடுத்து வெளியாளிடம் செய்யச் சொன்ன படத்துக்கும் கொடுத்தவரே முதல் உரிமையாளர். ஆனால் தனியாக வரைந்த லோகோ, டைட்டில் டிசைன் போன்றவற்றின் உரிமையை எழுதி வாங்கிக்கொள்வதுதான் பத்திரம். எழுதும்போது எத்தனை வருடம் என்று குறிப்பிடாவிட்டால் சட்டம் அதை 5 வருடமாகத்தான் எடுத்துக்கொள்ளும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். மலேசியா, சிங்கப்பூருக்குச் சேலை அனுப்புபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கூடவே எடுத்த ஃபுட்டேஜும் புராஜெக்ட் ஃபைலும் நம் ஹார்ட் டிஸ்கில் வந்து சேர்ந்த பிறகுதான் மீதிப் பணம் என்று பேசிக்கொள்ளுங்கள்.

ஏஜென்சி

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாடல் வைத்து எடுப்பது, விளம்பரத்துக்குப் பணம் கட்டி ஓட்டுவது, யார் பார்த்தார்கள் யார் வாங்கினார்கள் என்று கணக்குக் கொடுப்பது எல்லாம் ஒரே இடத்தில் நடக்கும். சொந்த வெப்சைட் ஆரம்பித்துச் சில்லறைக்கு இறங்குபவருக்கு அது தேவைதான். எங்களைப் போன்ற மொத்தக் கடைக்கு மாதப் பேக்கேஜ் பாரம். பில்லில் 18 சதவீதம் ஜிஎஸ்டி வரும், பதிவு செய்த கடைக்கு அது பெரும்பாலும் இன்புட்டில், அதாவது நாம் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில், கழியும், பதிவில்லாதவருக்குச் செலவுதான். நாம் பேசுவது ஒருவரிடம், எடிட் செய்வது இன்னொருவர், மூன்று மாதத்தில் அந்த இன்னொருவரும் மாறிவிடுவார். ஒவ்வொரு முறையும் பிளவுஸ் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

பாட்டு விஷயத்தில் மட்டும் எனக்கு வழி காட்டியவர்கள் அவர்கள்தான். பிசினஸ் கணக்குக்கு இன்ஸ்டாகிராம் பெரும்பாலும் சினிமாப் பாட்டைத் தராது. எடிட்டர் வீடியோவுக்குள்ளேயே பாட்டைச் சேர்த்துக் கொடுத்தால் சத்தம் போய்விடலாம், வீடியோவே நிற்கலாம். யூடியூபில் அதன் வருமானம் பாட்டு கம்பெனிக்குப் போகலாம். யூடியூப் ஆடியோ லைப்ரரியிலும் மெட்டாவின் சவுண்ட் கலெக்‌ஷனிலும் இலவச இசை இருக்கிறது. அதில் நாதஸ்வரம் தேடிக் கிடைக்காமல் நான் அலுத்துப்போனது உண்மை. ஆனாலும் ஆடித் தள்ளுபடி நடுவில் வீடியோ நின்றுபோவதற்கு அது எவ்வளவோ மேல்.

சம்பளத்துக்கு ஆள்

தினமும் ஸ்டாக் வீடியோ போடுகிறீர்கள் என்றால் கடையிலேயே ஆள் வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் பக்கம் ஆரம்பச் சம்பளம் 15,000 சுற்றி. கம்ப்யூட்டர் வாங்கும்போதுதான் செலவு இடிக்கும். சாஃப்ட்வேருக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே எங்களுக்குத் தாராளம்.

எடிட்டிங் தெரிந்தவரைக் கூட்டிவந்து சேலையைச் சொல்லிக்கொடுப்பதா, சேலை தெரிந்தவருக்கு எடிட்டிங் சொல்லிக்கொடுப்பதா? தினசரி வீடியோவுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். எங்கள் பேக்கிங் பகுதியில் இருந்த பெண் ஒருத்தி விஎன் என்ற எடிட்டிங் ஆப்பை வைத்துக்கொண்டு போனிலேயே இரண்டு வாரத்தில் பழகிக்கொண்டாள். வாட்ஸ்ஆப் போனை எடுத்துப் பேசுவதும் அவள்தான் என்பதால் எந்த இடத்தில் வீடியோவை நிறுத்திக் காட்ட வேண்டும் என்று அவளுக்கே தெரியும். பண்டிகைப் படம் அவளால் ஆகாது. அதற்குத்தான் போன வருடம் புதிதாக ஆள் தேடினேன்.

மூன்று பேருக்கும் ஒரே 14 நிமிட ஃபுட்டேஜைக் கொடுத்தேன். மயில்கழுத்து நிறச் சேலை, 40 வினாடி ரீல், மூவருக்கும் முன்கூட்டியே பணம். வேலை பார்க்கச் சொல்லிவிட்டுச் சோதனை என்று சும்மா அனுப்புவது நியாயமில்லை.

முதல் ஆள் மூன்று மணி நேரத்தில் அனுப்பிவிட்டார். பறக்கிற எழுத்து, சினிமாப் பாட்டு, பேசுகிறவர் முகம்தான் பாதி நேரம். இரண்டாமவர் வேலை அருமை, ஆனால் "கொடுக்கிறோம்" என்ற எழுத்தில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். பிரீமியர் புரோ என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரில் தமிழுக்கான செட்டிங்கை மாற்றாமல் விட்டால் இப்படி உடையும். அனுப்பும் முன் அவர் படித்துப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

மூன்றாவது, சேலத்தில் ஒரு ஸ்டுடியோவில் இருந்த பெண். அன்றைக்கு வீடியோ வரவில்லை, போன்தான் வந்தது. "அக்கா, இந்தச் சேலை ஒரு ஷாட்ல நீலமா இருக்கு, ஒரு ஷாட்ல பச்சையா இருக்கு. நேர்ல எப்படி இருக்கும்?" மயில்கழுத்து அப்படித்தான், நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை நூல் ஒரு நிறம், அசையும்போது மாறும் என்றேன். "அப்ப அசையற ஷாட்டைத்தான் வைக்கணும். காலையில வந்து பார்த்துட்டு முடிக்கட்டுமா?" என்றாள்.

மறுநாள் ஒன்பது மணிக்கு வந்தாள். சேலையை வாசல் வெயிலில் பிரித்துப் பார்த்தாள். அதிலிருந்து பிளவுஸ் துணியில் ஒரு விரல் அகலம் வெட்டிக் கேட்டாள், கொடுத்தேன். அதை மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவைத்துக்கொண்டு எடிட் செய்ய உட்கார்ந்தாள். இப்போது அவள் எங்கள் கடையில் இருக்கிறாள். அந்த மானிட்டர் பக்கத்துச் சுவரில் முப்பதுக்கு மேல் துண்டுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் தேதியும் லாட் நம்பரும் பேனாவில் எழுதியிருக்கும்.