டீடோவா, பெர்ட்மனா?

அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலில் பெரிய கோச் யார் என்ற பேச்சில் ராட் டீடோ, ஸ்கிப் பெர்ட்மன் இருவரும் தவறாமல் வருவார்கள். எண்ணிக்கை மட்டும் போதும் என்றால் விவாதமே வேண்டாம். டீடோவின் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழக அணி 11 தேசிய சாம்பியன் பட்டங்கள் வென்றது, 1970 முதல் 1974 வரை தொடர்ந்து ஐந்து. (1948-இல் வந்த முதல் பட்டத்தில் உடன் கோச்சாக இருந்த சாம் பாரிக்கும் பங்குண்டு.) லாரி கம்பெனி முதலாளியான டீடோ வாங்கிய சம்பளம் ஆண்டுக்கு ஒரே ஒரு டாலர்!

லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பெர்ட்மனுக்கு 1991 முதல் 2000 வரை ஐந்து பட்டங்கள். ஆனால் அவர் வரும்வரை அந்த அணி ஒமாஹா நகரில் நடக்கும் தேசிய இறுதிச் சுற்றை எட்டிப் பார்த்ததே இல்லை.

ஆட்டத்தில் வைத்துப் பார்ப்போம். 1973 அரையிறுதி, மினசோட்டா 7-0 முன்னிலை. கடைசி இன்னிங்ஸில் டீடோவின் பையன்கள் எட்டு ரன் எடுத்து ஜெயித்தார்கள். பெர்ட்மனுக்கு 1996 இறுதிப் போட்டி. கடைசி இன்னிங்ஸில் மயாமியை விட ஒரு ரன் பின்தங்கி, இரண்டு பேர் அவுட்; மூன்றாவது ஆளும் அவுட் ஆனால் ஆட்டம் முடிந்தது. மணிக்கட்டுக் காயத்தால் பல ஆட்டங்களைத் தவறவிட்ட வாரன் மாரிஸ், அந்த சீசனில் ஒரு ஹோம் ரன்கூட அடிக்காதவர், முதல் பந்தையே வேலிக்கு வெளியே அனுப்பினார். மூன்றாம் பேஸில் நின்றவரும் அவரும் ரன் எடுக்க, 9-8 என வெற்றி.

ஒலிம்பிக்கில் 1984-இல் டீடோவின் அமெரிக்க அணிக்கு இரண்டாம் இடம், 1996-இல் பெர்ட்மனுக்கு வெண்கலம். அதில் பெரிய வித்தியாசம் இல்லை.

சரி, என் ஓட்டு? பெர்ட்மனுக்குத்தான். ஒன்றுமில்லாத இடத்தில் ஐந்து பட்டம் என்பது லேசுப்பட்ட காரியமல்ல.