"ஐ7" ஸ்டிக்கர் ஒட்டின மடிக்கிற லெப்டொப்: 132,000 ரூபா போச்சு, வாங்க முதல் இத வாசிங்க

கம்பஸ் போற புள்ளைக்கு லெப்டொப் எடுக்க இருக்கிற ஆக்கள் தயவுசெய்து முழுசா வாசிங்க. அக்காட மகளுக்கு எடுத்த, 360 பாகை மடியிற டச் லெப்டொப் ஒண்டில 132,000 ரூபா போயிட்டு. சீட்டுக் கட்டி எடுத்த காசு. கடைட பேர எழுதல்ல, எழுத்தில முறைப்பாடு போகுது, அது முடியட்டும். வெளிநாட்டில பாவிச்சுக் கழிச்ச லெப்டொப்ப மொத்தமா இறக்கி, பேஸ்புக்ல லைவ் போட்டு விக்கிற வகைக் கடை. மட்டக்களப்பில இருந்து அக்கரைப்பற்று வரைக்கும் மெயின் ரோட்டில இப்ப இந்த வகைக் கடை எத்தின இருக்கு எண்டு உங்களுக்கே தெரியும். என்னத்தப் பார்த்து வாங்கணும் எண்டு கடைசியில எழுதுறன்.

மருமகள் ஒலுவில் கம்பஸ்ல பொறியியல் படிக்கிறா. வீடு கல்லடி. கிழமை முடிய வீட்டுக்கு வந்து போற புள்ள. காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை, நிந்தவூர் எண்டு பஸ்ஸில நிண்டுகொண்டு போற நாள்தான் கூட. 15.6 அங்குல பெரிய லெப்டொப் எண்டா அது மட்டும் அனேகமா ரெண்டு கிலோ அளவில வரும், சார்ஜர் வேற. அதால பாரம் குறைஞ்சது வேணும் எண்டு கேட்டது நியாயம். ஆட்டோகேட் (பொறியியல் படம் வரையிற மென்பொருள்) ஓடணும் எண்டும் கேட்டா. லெக்சர்ல பேனையால கிறுக்கி நோட்ஸ் எடுக்கணும், அதால மடியிறது வேணும். தேவைய மூண்டா பிரிச்சு, கடைக்காரன்ட முகத்துக்கு நேர தெளிவா சொல்லியிருக்கா.

அவன் எடுத்து வெச்சது 13.3 அங்குல மெல்லிசு லெப்டொப். 1.2 கிலோ. உள்ளுக்க காத்தாடி இல்ல, சத்தமே வராது. "தங்கச்சி, இது ஐ7. 3.6 கிகாஹேர்ட்ஸ். உங்கட கம்பஸ் வேலைக்கு இதுக்கு மேல ஒண்டும் தேவப்படாது. என்ட தங்கச்சியும் இதத்தான் பாவிக்கிறா" எண்டிருக்கான். ஏசி போட்ட அறை. மேசைக்கு மேல கூடாரம் மாதிரி நிப்பாட்டி யூடியூப் போட்டுக் காட்டினான், வேர்ட் திறந்தான், குரோம்ல ஏழெட்டு டேப் திறந்தான். எல்லாம் பட்டு பட்டெண்டு திறந்தது. திரையப் பின்னால மடிச்சு டப்லட் ஆக்கி அக்காட கையில குடுத்தான். கைக்குப் பாரமே தெரியல்ல. அந்த இடத்திலதான் அக்கா நம்பினது. "நம்மட ஊர்ப் புள்ளைக்கு நான் பிழையான சாமான் தருவனா அக்கா" எண்டு சொல்லேக்க ஆர்தான் நம்பாம இருப்பாங்க?

ரேம் 8 ஜிபிதான் இருந்தது. "14,000 ரூபா கூடத் தாங்க, கொழும்பில இருந்து ரேம் வந்தவுடன 16 ஆக்கித் தாறன்" எண்டு அந்தக் காசையும் முன்னுக்கே வாங்கிட்டான். 118,000, அதோட 14,000. மொத்தம் 132,000. பில்லில "ஐ7, 16 ஜிபி" எண்டு அவனே பேனையால எழுதியிருக்கான்.

ஒலுவிலில ஆட்டோகேட் திறந்த நாளே மெசின் இழுக்கத் தொடங்கிட்டு. ஒரு மாடி வீட்டுப் படம் ஒண்டில பெரிசாக்கி சிறிசாக்கினா கேர்சர் பின்னால வருது. விண்டோஸிலயே இருக்கிற டாஸ்க் மனேஜர திறந்து பெர்போமன்ஸ் பக்கத்தப் பார்த்தா எல்லாம் அப்படியே எழுதிக் கிடக்கு: இன்டெல் சிப் ஐ7-7வை75, அடிப்படை வேகம் 1.30 கிகாஹேர்ட்ஸ், கோர் 2, லொஜிக்கல் புரொசசர் 4.

அந்த "வை" எழுத்திலதான் முழுப் பித்தலாட்டமும் கிடக்கு. இன்டெல் அதுக்கு முந்தின ஆறாம் தலைமுறையில இந்த வகைச் சிப்ப "கோர் எம்5", "எம்7" எண்டு தனிப் பேரில வித்தது. 2016ல ஏழாம் தலைமுறை வந்தபோது எம்5, எம்7 எண்ட பேர எடுத்திட்டு, ஐ5, ஐ7 எண்டு போட்டு, இலக்கத்துக்கு நடுவில மட்டும் "வை" எழுத்த வெச்சிட்டு. கைக்குப் பக்கத்தில ஒட்டுற ஸ்டிக்கரில அந்த எழுத்து வராது, வெறும் "ஐ7" தான். அதே தலைமுறையில சாதாரண லெப்டொப்புக்கு வாற ஐ7-7500யு 15 வொட் சிப் (வொட் எண்டது சிப் விடாம ஓடேக்க இழுக்கிற மின் அளவு), அடிப்படை வேகம் 2.7. இந்த 7வை75 4.5 வொட். மூண்டில ஒரு பங்கு கூட இல்ல. அந்த 4.5 வொட்டுக்குள்ளதான் கிராபிக்ஸும் ஓடணும். படம் சுழட்டேக்க கிராபிக்ஸ் தன்ட பங்க இழுக்க, புரொசசருக்கு மிச்சம் கிடைக்கிறது இன்னும் குறையும்.

அப்ப கடையில எப்படி அவ்வளவு வேகம்? 3.6 கிகாஹேர்ட்ஸ் எண்டு அவன் சொன்ன இலக்கம் பொய்யில்ல, அது டேர்போ வேகம். 7500யு சிப்புக்குக் கூட டேர்போ 3.5 தான், காகிதத்தில இது கூடவாத் தெரியும். ஆனா டேர்போ எண்டது சிப் குளிரா இருக்கேக்க கொஞ்ச நேரம் எழும்பி ஓடுறது. குரோம் திறக்க, வேர்ட் திறக்க அந்தக் கொஞ்ச நேரம் போதும், அதால கடையில அது மட்டும்தான் காட்டுவாங்க. ஆட்டோகேட்டில படம் வரையிற வேலை பெரும்பாலும் ஒரு கோரிலதான் ஓடும், அதுவும் மணிக்கணக்கா. அந்த ஒரு கோர் விடாம எவ்வளவு வேகத்தில நிக்குது எண்டதுதான் கணக்கு. மருமகள்ட அறையில, மத்தியான வெயிலுக்க, பெரிய படம் ஒண்டுக்கு ரீஜென் (படத்த முழுசா மறுபடி வரையிற கட்டளை) குடுத்து டாஸ்க் மனேஜரப் பார்க்கச் சொன்னன். தொடக்கத்தில 3க்கு மேல போச்சு. பொறகு மெல்ல மெல்ல இறங்கி 1.1க்கும் 1.4க்கும் நடுவில வந்து நிண்டுட்டு. அதுக்கு மேல எழும்பவே இல்ல.

காத்தாடி இல்லாத மெசின்ல சூடு வெளிய போறதுக்கு அந்த அலுமினிய உடம்புதான் வழி. நம்மட பக்கம் அறைக்குள்ளயே 32, 33 பாகை இருக்கும். வெளிச் சூட்டுக்கும் உடம்புச் சூட்டுக்கும் உள்ள இடைவெளி குறையக் குறைய சூடு போறதும் குறையும். உடம்பு தொட ஏலாத அளவுக்குச் சுடக்கூடாது எண்டு உற்பத்தியாளரே ஒரு எல்லை போட்டு வெச்சிருப்பாங்க. அந்த எல்லைக்கு வந்ததும் சிப்புக்குப் போற வொட்ட மெசினே குறைக்கும். மெத்தையில வெச்சா, மடிச்சு டப்லட்டாக் கையில புடிச்சா, இன்னும் கெதியா அந்த எல்லைக்கு வரும். பழுதானதால இப்படி நடக்கல்ல. மெசின் அப்படித்தான் செய்யப்பட்டிருக்கு. மெயில் பார்க்க, பிடிஎஃப் வாசிக்க, நோட்ஸ் எழுத எண்டு வாங்கினா இது நல்ல மெசின். ஆட்டோகேட்டுக்கு எண்டு கேட்ட புள்ளைட கையில குடுத்ததுதான் ஏமாத்து.

அடுத்தது ரேம். இத நினைச்சாத்தான் வயிறு எரியுது. இந்த மெசின்ல இருக்கிறது எல்பிடிடிஆர்3 ரேம். அது போர்டிலயே ஈயம் வெச்சு ஒட்டி வாறது. கழட்டி மாத்த ஸ்லொட்டே கிடையாது. டாஸ்க் மனேஜரில மெமரி பக்கத்தில "போர்ம் ஃபெக்டர்" எண்ட இடத்தில "ரோ ஒஃப் சிப்ஸ்" எண்டு காட்டுது. கழட்டலாம் எண்டா "சோடிம்" எண்டு காட்டும். கீழ் மூடியக் கழட்டியும் பார்த்தன், ஸ்லொட் இல்ல. ஒவ்வொரு நாளும் லெப்டொப் கழட்டிப் பூட்டுற கடைக்காரனுக்கு இது தெரியாம இருக்க ஏலாது. நடக்கவே ஏலாத வேலைக்கு 14,000 ரூபா முன்காசு வாங்கியிருக்கான்.

விண்டோஸ் 11 போட்டுக் குடுத்திருக்கான். ஏழாம் தலைமுறை வை சிப் மைக்ரோசொப்ட்ட விண்டோஸ் 11 பட்டியலில இல்ல, இன்டெலில அனேகமா எட்டாம் தலைமுறையில இருந்துதான் ஏத்துக்கொள்ளும். சோதனையத் தாண்டிப் போகிற வழியால ஏத்தியிருக்கான். இப்படிப் போட்ட மெசினுக்கு அப்டேட் வரும் எண்டு மைக்ரோசொப்ட் உறுதி தாறதில்ல. திரும்பி விண்டோஸ் 10க்குப் போகலாம் எண்டா, அதுக்குச் சாதாரண ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓட முடிஞ்சு போச்சு. பட்டரி ரிப்போர்ட் எடுத்துப் பார்த்தா, புதுசில 43,000 மில்லிவொட் மணி புடிச்ச பட்டரி இப்ப 24,000 தான் புடிக்குது. ஆறு மணித்தியாலம் நிக்கும் எண்டு சொன்னது ஆட்டோகேட்டில ரெண்டு மணித்தியாலம் சொச்சம் நிக்குது. சும்மா தாறம் எண்டு குடுத்த பேனை ரப்பர் முனைப் பேனை. விரல் செய்யிற வேலைதான் அதுவும் செய்யும், உள்ளங்கை பட்டா கோடு விழும், அழுத்தம் தெரியாது. பேனையால நோட்ஸ் எடுக்கிற கதையும் போச்சு.

மறுகா கடைக்குப் போன கதை.

முதல்ல "ரேம் இன்னும் வரல்ல அக்கா, லொறி பிந்திட்டு." அடுத்து "பொஸ் வெளிய, மறுகா வாங்க." அடுத்து "விண்டோஸ் குழம்பியிருக்கு, புதுசா அடிச்சுத் தாறம்" எண்டு மெசின வாங்கி வெச்சு, அப்படியே திருப்பிக் குடுத்தது. அப்பிறம் பழிய புள்ளைட தலையில போட்டான்: "கட்டிலில வெச்சுப் பாவிச்சா சூடாகும்தானே தங்கச்சி." ரேம் போர்டில ஒட்டினது எண்டு வட்ஸ்அப்பில படத்தோட அனுப்பினம். நீலச் சரி விழுந்தது, பதில் இல்ல. நேர போய் நிண்டா "திருப்பி எடுக்கிறதெண்டா 60,000 தரலாம்" எண்டு சொல்லுறான். 132,000 ரூபாக்கு அவன் வித்த அதே சாமானுக்கு 60,000! 14,000 ரேம் காசையாவது தா எண்டா, அது சாமானோட சேர்ந்த காசாம். இப்ப அக்காட நம்பர் அங்க புளொக்.

கடைக்காரன் நேர்மையா இருந்திருந்தா அந்த மேசையில வெச்சே சொல்லியிருக்க வேண்டிய கணக்கு இதுதான். மடியிற லெப்டொப்பில மெல்லிசும் சத்தமில்லாததும் வொட்டக் குறைச்சுத்தான் வருது. காத்தாடி உள்ள, 15 வொட் சிப் போட்ட 13 அல்லது 14 அங்குல மடியிற மெசின் 1.3 இல இருந்து 1.6 கிலோவுக்குள்ள கிடைக்கும். நூறில இருந்து நானூறு கிராம்தான் கூட. பஸ்ஸில அந்த வித்தியாசம் பெரிசாத் தெரியாது, ஆட்டோகேட்டில மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். எட்டாம் தலைமுறை ஐ5, ஐ7 யு சிப் எண்டா நாலு கோர், விண்டோஸ் 11 பட்டியலிலயும் இருக்கு. புது மெசினிலயும் இதே பொறி இருக்கு: 12ஆம் தலைமுறையில ஐ7-1250யு 9 வொட், 1255யு 15 வொட், 1260பி 28 வொட். மூண்டுக்கும் ஸ்டிக்கர் ஒண்டுதான். ரெவிட் (கட்டிடத்த முப்பரிமாணத்தில வடிவமைக்கிற மென்பொருள்), முப்பரிமாண ரெண்டரிங் எண்டு போற புள்ளைக்கு மடியிறதே வேணாம். இலக்கத்தில "எச்" எழுத்து உள்ள 45 வொட் சிப்பும் தனி கிராபிக்ஸும் உள்ள பாரமான மெசின எடுத்து ஹொஸ்டலில வெச்சிட்டு, நோட்ஸுக்குக் கொப்பி பாவிக்கட்டும். பேனையால எழுதுறது உண்மையாவே நாளாந்தத் தேவை எண்டா மட்டும் மடியிறதுக்குக் காசு குடுங்க. அந்தப் பிணைச்சலுக்கும் டச் கண்ணாடிக்கும் போற காசு சிப்பில இருந்துதான் கழியுது.

என்னத்தப் பார்க்கணும் எண்டு விரிவா எழுத நினைச்சன், இப்ப அந்த மனநிலை இல்ல. கெதியா சொல்லுறன்.

"ஐ7" எண்டு சொன்னா முழு இலக்கத்தையும் கேளுங்க, போனில தேடி வொட்டப் பாருங்க. காசு குடுக்க முதல் டாஸ்க் மனேஜரத் திறக்கச் சொல்லுங்க, திறக்க மாட்டன் எண்டா வெளிய வாங்க. புள்ளைட உண்மையான படம் ஒண்ட பென்ட்ரைவில கொண்டு போய், கடையிலயே அரை மணித்தியாலம் ஓட்டுங்க. ஏசிக்கு வெளிய வெச்சு ஓட்டினா இன்னும் நல்லம். "ரோ ஒஃப் சிப்ஸ்" எண்டு காட்டினா ரேம் போர்டில ஒட்டினது, அனேகமா கூட்ட ஏலாது, ஆர் சொன்னாலும் முன்காசு குடுக்காதீங்க.

திரையப் பூச்சியத்தில இருந்து 360 வரைக்கும் மெதுவா மடிச்சுப் பாருங்க. ஏதாவது ஒரு கோணத்தில திரை மினுங்கினா, பிணைச்சலுக்குள்ளால போற கேபிள் தேஞ்சிட்டு. பின்னுக்கு மடிச்சதும் கீபோர்ட் தானா வேலை செய்யாம நிக்கணும். டச்பேட் மேல தள்ளிக்கொண்டு நிண்டா பட்டரி வீங்கியிருக்கு, தொடவே வேணாம். அந்த மொடலுக்கு எந்தப் பேனை வேலை செய்யும் எண்டு கேட்டு, கடையிலயே எழுதிப் பாருங்க.

பில்லில சிப் இலக்கம், ரேம், வொரன்டி மூண்டையும் எழுதி வாங்குங்க. நுகர்வோர் அதிகாரசபைக்கு 1977 எண்ட நம்பருக்கு எடுக்கலாம். ஆனா எழுத்தில குடுக்கிற முறைப்பாடு வாங்கி மூண்டு மாசத்துக்குள்ள போகணும். "மறுகா வாங்க, மறுகா வாங்க" எண்டு கடைக்காரன் இழுக்கிறது அந்த மூண்டு மாசத்தையும்தான் திண்டுகொண்டிருக்கு. அக்காட முறைப்பாட்டில 132,000 ரூபாயும், கையால எழுதின பில்லும், வட்ஸ்அப் படங்களும் போகுது. இதே ஆள்கிட்ட ரேம் காசு குடுத்திட்டுக் காத்திருக்கிற வேற ஆக்கள் இருந்தா இன்பொக்ஸ் வாங்க, ஒண்டாக் குடுப்பம்.