லாகரா, ஸ்ட்ராங்கா: நெத்திலி வறுவலுக்கு எந்த பீர்?

காசிமேட்டு நெத்திலியை மிளகாய்த்தூள் தூக்கலாக வறுத்தால், பக்கத்தில் கிங்ஃபிஷர் பிரீமியம்தான் இருக்க வேண்டும். 4.8 சதவீத சாராயம் (ஆல்கஹால்) உள்ள லேசான லாகர் பீர். லேசான கசப்பும் நுரையும் எண்ணெய்ப் பிசுக்கை நாக்கிலிருந்து வழித்துவிடும். காரமும் அவ்வளவாக ஏறாது.

கிங்ஃபிஷர் ஸ்ட்ராங் 8 சதவீதம் வரை போகும். கணக்குப் போடுங்கள்: 650 மி.லி. பாட்டிலில் லாகர் தருவது சுமார் 31 மி.லி. சாராயம், ஸ்ட்ராங் 52 வரை. ஒரு பாட்டில்தானே என்று ராயபுரம் வெயிலில் மடமடவென்று இறக்குபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். சாராயம் காரத்தையும் கூட்டும். ஸ்ட்ராங்குக்கு வறுத்த வேர்க்கடலை, அவித்த முட்டை போதும், நிதானமாகக் குடிக்கணும்.

கூலிங் குறைந்தால் ஸ்ட்ராங்கில் சாராய நெடி முன்னே வரும், லாகர் வெறும் சப்பென்று ஆகும். ஐஸ் கட்டியைப் போடவே போடாதீர்கள், நீர்த்துப்போகும். ஃப்ரீசரில் மறந்தால் உறைந்து பாட்டில் வெடிக்கும். ஐஸும் தண்ணீரும் உப்பும் கலந்த வாளியில் 15, 20 நிமிடம் முக்கி வையுங்கள். வெறும் ஐஸை விட வேகமாகக் குளிரும். டம்ளரைச் சாய்த்து ஊற்றி, இரண்டு விரல் நுரை விடுங்கள்.

எங்கள் பரிந்துரை லாகர். எதைக் குடித்தாலும் வண்டிச் சாவியைத் தொடாதீர்கள்.