ஹட்டன்ல நடக்குற வெளிப்படுத்தின விசேஷ வகுப்பு, போகலாமா?

நம்ம மலையகத்துல கடைசி காலம் (உலக முடிவு) பத்தி பேசாத கன்வென்ஷன், அதாவது எழுப்புதல் கூட்டம், இல்ல. ஆனா எங்கயோ ஒரு நாட்டுல குண்டு விழுந்துச்சுன்னா அடுத்த ஞாயிறே மைக்க பிடிச்சு ஏசுவோட வருகை சமீபம் அல்லேலூயான்னு சத்தம் போடுறத கேக்குறப்ப எனக்கு மனசு பதறும், அந்தக் குண்டுக்கு கீழயும் பிள்ளைங்க இருந்திருக்கும்ல. அதனாலதான் ஹட்டன் டவுன்ல ஒரு சபை மண்டபத்துல சனிக்கிழம பின்னேரம் பைபிளோட கடைசி புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தோட யுத்தம், வன்முறை, கடைசி காலம் இத மட்டும் வச்சு வகுப்பு நடத்துறாங்கன்னு கேள்விப்பட்டதும் போய் சேந்து முடியிற வரைக்கும் இருந்தேன். போக யோசிக்கிறவங்களுக்காக எழுதுறேன்.

பாடம் எடுக்குற பாஸ்டர் சார்ட் மாட்டி வருஷம் கணக்கு போடுற ஆள் கெடையாது. மொத நாளே மத்தேயு 24ஐ தொறக்க சொன்னாரு. யுத்தங்களையும் யுத்தச் செய்திகளையும் கேள்விப்படுவீங்க, கலங்காதீங்க, முடிவு உடனே வராதுன்னு ஏசு சொல்லியிருக்க, அதே வசனத்த காட்டித்தான முடிவு வந்துருச்சுன்னு ஊரெல்லாம் பயம் காட்டுறோம்னு கேட்டாரு, மண்டபமே அமைதியாயிருச்சு. அமெரிக்காவுல வில்லியம் மில்லர்ங்குற போதகர் பேச்ச நம்பி ஏசு வர்ற நாள் 1844 அக்டோபர் 22ன்னு காத்திருந்தவங்க கதையையும் சொன்னாரு, சில பேர் வெளஞ்ச பயிரக்கூட அறுக்காம விட்டுட்டாங்களாம். சபை, அதாவது விசுவாசிங்க, முதல்ல பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்படும், அப்புறம் ஏழு வருஷ உபத்திரவம்ங்குற வரிசை நம்ம சபைங்களுக்கு எப்படி வந்துச்சுன்னு அடுத்து பாத்தோம். 1830கள்ல ஜான் நெல்சன் டார்பிங்குற போதகர் அத முறையா போதிச்சது, 1909ல ஸ்கோஃபீல்ட் பைபிளோட குறிப்புகள் வழியா அது பரவுனது, பழைய காலத்து சபைத் தந்தை அகஸ்டின் காலத்துலருந்து பெரும்பாலான சபைங்க வெளிப்படுத்தல் 20ல வர்ற கிறிஸ்துவோட ஆயிர வருஷ ஆட்சிய இப்ப நடக்குற சபையோட காலமாவே வாசிச்சது, எல்லாத்தையும் நிதானமா வெளக்குனாரு. ஒரு பெரியவர் கோவப்பட்டு எந்திரிச்சாரு. "ஐயா, உங்க விசுவாசத்த புடுங்க நான் வரல, எங்கருந்து வந்துச்சுன்னு மட்டும் பாப்போம், ஒக்காருங்க"ன்னாரு பாஸ்டர். பெரியவர் ஒக்காந்தாரு, அடுத்த வாரமும் வந்தாரு.

எனக்கு ரொம்ப பிடிச்சது மூன்ஸ்டர் நகரம் பத்தின வகுப்பு. 1534ல ஜெர்மனியில அனபாப்திஸ்து (குழந்தை ஞானஸ்நானத்த ஏத்துக்காதவங்க) கூட்டம் ஒன்னு அந்த நகரத்த பிடிச்சு இதுதான் புதிய எருசலேம்னு அறிவிச்சு, நம்பாதவங்கள வெரட்டி, லைடன் ஊர்க்காரர் யான்ங்குறவர ராஜாவாக்கி, எதுத்தவங்கள வெட்டுனாங்க. 1535 ஜூன்ல நகரம் விழுந்துச்சு, தலைவங்க ஒடம்ப போட்டு தொங்கவிட்ட இரும்புக்கூடு இன்னைக்கும் அங்க லம்பர்ட் ஆலயக் கோபுரத்துல தொங்குது. கடைசி காலத்த கடவுளுக்கு பதிலா நாமே நடத்தி முடிப்போம்னு கெளம்புனா எங்க போய் நிக்கும்னு இதுக்கு மேல யாரும் வெளக்க வேண்டியதில்ல. அதே அனபாப்திஸ்து இயக்கத்துலருந்துதான் அதுக்கு அப்புறம் மெனோ சைமன்ஸ்ங்குற போதகர் வந்து பட்டயத்த (வாள) தொடமாட்டோம்னு சொல்ற மெனோனைட் சபைய கட்டுனாரு. அதுக்கு முன்னமே 1527ல சுவிட்சர்லாந்து ஷ்லைட்ஹைம்ல கூடுன அனபாப்திஸ்துங்களும் பட்டயம் வேணாம்னுதான் எழுதி வச்சிருந்தாங்க.

இன்னொன்னு வெளிப்படுத்தல் 5ம் அதிகாரம், யோவான் பரலோகத்துல கண்ட காட்சி. மூப்பர் சிங்கம் ஜெயிச்சதுன்னு சொல்றாரு, யோவான் பாத்தா அடிக்கப்பட்ட ஆட்டுக்குட்டி நிக்குது, ரெண்டுமே கிறிஸ்துதான். 19ம் அதிகாரத்துல கிறிஸ்து குதிரையில வர்றப்பவும் பட்டயம் வாயிலருந்துதான் வருது, கையில இல்ல. எத்தனையோ கன்வென்ஷன் போயிருக்கேன், இத யாரும் நிறுத்தி காட்டுனதே இல்ல.

கொறைங்களும் இருக்கு. நீதியான யுத்தம்ங்குற பகுதிய அவசர அவசரமா ஓட்டிட்டாங்க, இடைக்கால இறையியலாளர் தோமா அக்குவினாஸ் சொன்ன மூணு நிபந்தனைய, அதாவது அதிகாரம் உள்ளவர் அறிவிக்கணும், நியாயமான காரணம் வேணும், நோக்கம் சரியா இருக்கணும்ங்குறத, சொன்னதோட மணி அடிச்சுருச்சு. ஹிட்லர எதுத்த ஜெர்மன் பாஸ்டர் போன்ஹோஃபர் பத்தி ஒரு பிள்ளை கேட்ட கேள்விக்கும் பதில் பாதியிலயே நின்னுருச்சு. இதவிட பெருசா என்ன உறுத்துனது, நம்ம கதை வரவே இல்ல. 1977ல தமிழருக்கு எதிரா நடந்த கலவரத்துல தோட்டத்த விட்டு வன்னிக்கு ஓடுன நம்ம சனம் அங்க காடு வெட்டி குடியேறி, கடைசியில 2009 யுத்தத்துல அதே மண்ணுல மறுபடியும் மாட்டிக்கிச்சு. 83ல லயத்த எரிச்சப்ப தேயிலைக்குள்ள ஒளிஞ்ச குடும்பங்க, 2019 ஈஸ்டர் அன்னைக்கு குண்டு வெடிச்சு கொச்சிக்கடையிலயும் கட்டுவாப்பிட்டியிலயும் மட்டக்களப்பு சீயோன் சபையிலயும் பூசையிலயும் ஆராதனையிலயும் செத்தவங்க, இவங்கள விட்டுட்டு யுத்தத்த பத்தி கிறிஸ்தவன் என்ன நெனைக்கணும்னு ஹட்டன்ல பாடம் முடிக்கக்கூடாது. எதிரிய நேசிங்குற வசனம் நம்ம ஊர்ல யார் வாயிலருந்து வந்தா ஏறும்னு அங்கதான் தெரியும். இத கமெண்ட் பேப்பர்ல எழுதிக் குடுத்திருக்கேன், அடுத்த தடவ ஒரு முழு வகுப்பு வைக்கணும்னு.

ஃபீஸ் இல்ல, ஃபோட்டோ கொப்பிக்கு மட்டும் காசு எடுக்குறாங்க, இடையில பிளேன்டீ தர்றாங்க. நோட்ஸ் எழுத்து ரொம்ப சின்னது, வயசானவங்களுக்கு கஷ்டம். நேரமும் சரியில்ல, கொழுந்து நிறுத்துட்டு வர்ற அக்காமாருங்க பாதி பாடத்துலதான் உள்ள நொழைய முடியுது, பொகவந்தலாவ மஸ்கெலியா பக்கத்து ஆளுங்க பஸ்ஸுக்காக முடியிறதுக்கு முன்னமே எந்திரிக்கிறாங்க. ஞாயிறு ஆராதனைக்கு அப்புறம் வச்சா ரெண்டு பேருக்கும் ஒதவும். ஃபோன்ல 666 (வெளிப்படுத்தல்ல வர்ற மிருகத்தோட எண்) வீடியோ பாத்து ராவெல்லாம் தூங்காம இருக்குற ஏஎல் படிக்கிற பிள்ளைங்க வீட்டுல இருந்தா கட்டாயம் கூட்டிட்டு போங்க, அவங்க கேள்விக்கு அங்க யாரும் திட்ட மாட்டாங்க.