துணைவேந்தரா, பீடாதிபதியா: இரு தேர்வு முறைகள்

கோணேசபுரியில் உள்ள திருகோணமலை வளாகம் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கிளை. துணைவேந்தர் இருப்பது வந்தாறுமூலையிலுள்ள பிரதான வளாகத்தில்; பீடத்தின் தலைவரான பீடாதிபதி இருப்பது இங்கேயே. ஆகவே இங்குள்ள விரிவுரையாளர் ஒருவருக்கு இரு பதவித் தேர்வுகளும் ஒரே எட்டத்தில் இல்லை.

துணைவேந்தர் பதவி 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டப்படி நிரப்பப்படுகிறது. விண்ணப்பம் கோரி, பல்கலைக்கழகத்தின் ஆளுகைக் குழுவான பேரவை 3 பெயர்களைத் தெரிவுசெய்து அனுப்பும், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பரிந்துரைக்கும், சனாதிபதி நியமிப்பார். இடறுவது இங்கேதான். பேரவையில் முதலிடம் பெற்றவருக்கே பதவி என்ற உறுதி இல்லை. பேரவையில் வெளியிலிருந்து நியமிக்கப்பட்டோரும் இருப்பதால், ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையை மட்டும் நம்பிப் போனால் போதாது. நிதி, ஆளணி, கட்டடத் திட்டம் பற்றித் தெளிவாகப் பேச வேண்டும். நியமனம் இழுபட்டால் பதில் கடமையாற்றுபவர் வருவார். பெரிய முடிவுகள் தள்ளிப்போகும்.

பீடாதிபதி தேர்வோ பீடச் சபைக்குள் வாக்கெடுப்பு. பதவிக்காலம் துணைவேந்தருக்குப் போலவே 3 ஆண்டு. வேகமானது, மலிவானது. ஆனால் சிறிய பீடத்தில் ஓரிரு வாக்கே முடிவைத் திருப்பும்; தோற்ற அணியோடு அடுத்த நாளே நேரசூசி போட வேண்டும்.

வளாகத்தின் அன்றாடக் கற்பித்தலுக்கு, எங்கள் கணிப்பில், இரண்டாவதே கூடுதலாக உறைக்கும்.